வெயிலை உப்பில் வைத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி: பகல் வெயிலின் சூட்டை உப்பில் சேர்த்துவைத்து ராத்திரி எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, நாம் சமையலுக்குப் போடும் உப்பா ஐயா? நம் வீட்டில் செய்து பார்க்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சமையல் உப்பு இல்லை அம்மா. அதை உருக்கவே 801 டிகிரி வேண்டும். 32 டிகிரியிலேயே உருகிவிடுகிற உப்பும் இருக்கிறது. கிளாபர் உப்பு என்பார்கள். நீரைத் தனக்குள் கட்டிவைத்திருக்கும் சோடியம் சல்ஃபேட்.

வேதியியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட நான் போட்டோ ஸ்டுடியோவில் ஹைப்போ வாங்கி வருவேன். படம் கழுவப் பயன்படும் சோடியம் தயோசல்ஃபேட், அதுவும் நீரைக் கட்டிவைத்திருக்கும் உப்புதான். சோதனைக்குழாயில் போட்டு வெந்நீரில் வைத்தால் 48 டிகிரியில் உருகும். அப்படியே ஆறவிட்டால் கை சூட்டுக்கு வந்த பிறகும் தண்ணீராகவே நிற்கும். அதில் ஒரே ஒரு ஹைப்போத் துணுக்கைப் போட வேண்டும். ஊசி ஊசியாகப் படிகம் ஓடும், குழாய் சட்டென்று சுடும். பிடித்திருக்கும் பிள்ளை "சார், சுடுது!" என்று கத்தும். உருகும்போது வாங்கிக்கொண்ட வெப்பத்தை உறையும்போது திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதை நம்பி ஒரு வீடே கட்டினார்கள். 1948, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவர். வெப்ப ஏற்பாடு ஹங்கேரியில் பிறந்த மரியா டெல்கெஸ், கட்டட வரைவு எலினார் ரேமண்ட், பணம் கொடுத்தவர் அமேலியா பீபாடி. மூவருமே பெண்கள், இதைப் பாடம் நடத்தும்போது நான் சொல்லாமல் விட்டதில்லை. தெற்கு பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் காற்று சூடாகும், மின்விசிறி அதை கிளாபர் உப்பு நிரப்பிய டிரம்களுக்குத் தள்ளும். பனி கொட்டும் ஊரில் வேறு கணப்பு இல்லாமல் இரண்டு குளிர்காலம் ஓடியது. மூன்றாவதில் கைவிட்டது. உருகும்போது உப்பில் ஒரு பகுதி நீரை விட்டுப் பிரிந்து அடியில் படிந்துவிடும். உறையும்போது முழுதாகச் சேராது. நாளாக ஆக அது சேர்த்துவைக்கும் வெப்பம் குறைந்துகொண்டே போகும். டெல்கெஸ் அதோடு ஓயவில்லை, அந்த உப்பைச் சரிசெய்யும் வேலையைத் தொடர்ந்தார்.

ஸ்பெயினில் 2011-இல் தொடங்கிய கெமசோலார் மின் நிலையத்தில் இருப்பது வேறு வழி. சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் கலவையை உருகிய நிலையிலேயே வைத்து 565 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். வெயில் போன பிறகும் 15 மணி நேரம் மின்சாரம் எடுக்கலாம்.

சரி, உங்கள் வீட்டுக்கு? உப்பு வேண்டாம் அம்மா, தண்ணீர் போதும். சோலார் ஹீட்டரில் 100 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60-க்குப் போனால் ஏறத்தாழ 3.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் அதில் இருக்கிறது. அதை விடியும்வரை காப்பது டேங்கைச் சுற்றியுள்ள பஃப், அதாவது வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் நுரை உறை. வாங்கும்போது அதன் தடிமனைக் கேளுங்கள், 50 மில்லிமீட்டராவது இருக்கட்டும். அப்புறம், மாடியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் வெந்நீர்க் குழாய்க்கும் உறை போடச் சொல்லுங்கள்.