கடுத்தத்தில் ஹிஜ்ரி 1320: அது எந்த ஆண்டு?

கேள்வி: கீழக்கரையில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, பூட்டனாரின் நிக்காஹ் கடுத்தம் (திருமணப் பதிவுத் தாள்) ஒரு தகரப்பெட்டியில் கிடைத்தது. அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதியிருக்கிறது. பள்ளிவாசல் ஹஜ்ரத் வாசித்துவிட்டு, ‘ஹிஜ்ரி 1320, ஷவ்வால் பிறை 17, ஞாயிறு இரவு’ என்று சொன்னார். ஹிஜ்ரி 622இல் தொடங்கியது என்பதால் இரண்டையும் கூட்டினேன், 1942 வந்தது. ஆனால் அவருடைய மகனான என் பாட்டனார் 1906இல் பிறந்தவர் என்று பள்ளிச் சான்றிதழ் சொல்கிறது. எங்கே தவறினேன்? இன்னொன்று, ஹிஜ்ரி ஏன் நபிகள் நாயகம் பிறந்த நாளிலிருந்தோ வஹீ (இறைச்செய்தி) வந்த நாளிலிருந்தோ தொடங்காமல், ஊரை விட்டுப் போன நாளிலிருந்து தொடங்குகிறது என்று என் மகள் கேட்கிறாள்.

பதில்: உங்கள் பூட்டனாரின் நிக்காஹ் 1903 ஜனவரி 17, சனிக்கிழமை, மஃரிபுக்குப் பிறகு, அதாவது சூரியன் மறைந்த பின், நடந்திருக்கிறது. பாட்டனார் பிறந்த ஆண்டோடு அது சரியாகவே பொருந்துகிறது. ‘ஞாயிறு இரவு’ எப்படிச் சனிக்கிழமை ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆண்டுக் கணக்கு.

622ஐ அப்படியே கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிறைக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டுகளில் 355. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. 33 ஹிஜ்ரி ஆண்டுகள் கழியும்போது சூரியக் கணக்கில் 32 ஆண்டுகள்தான் கழிந்திருக்கும். ஆகவே ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து, வந்ததை அதே ஆண்டிலிருந்து கழித்து, அதன் பிறகு 622ஐக் கூட்ட வேண்டும். 1320ஐ 33ஆல் வகுத்தால் 40. 1320இல் 40 போனால் 1280. அதோடு 622, ஆக 1902.

இத்துடன் நிறுத்திவிட்டால் ஓர் ஆண்டு பிசகும். ஹிஜ்ரி 1320 பிறந்தது 1902 ஏப்ரல் 10 வாக்கில். ஷவ்வால் பத்தாவது மாதம். முஹர்ரம் தொடங்கி ரமழான் முடிய 266 நாள் எண்ணினால் ஷவ்வால் பிறை 1, 1903 ஜனவரி முதல் தேதியில் வந்து விழுகிறது. மாதத்தைப் பார்க்காமல் ஆண்டை மட்டும் மாற்றினால் 1902 என்றே எழுதிவைத்திருப்பீர்கள்.

இனிக் கிழமை. ஹிஜ்ரித் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும் பட்டியல்கள் தரும் தேதி கணக்கால் வருவது. ஊரில் மாதம் தொடங்குவது கண்ணால் பிறை பார்த்து. அதனால் ஒரு நாள் முன்பின் ஆவது வழக்கம், அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவைப்பது கிழமைதான். பட்டியல்படி ஷவ்வால் 17, 1903 ஜனவரி 17 சனிக்கிழமை. கடுத்தமோ ஞாயிறு என்கிறது. அப்படியானால் அந்த ஆண்டு உங்கள் ஊரில் நோன்புப் பெருநாள் ஜனவரி 2 வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கிறது, பிறை 17இன் பகல் ஜனவரி 18 ஞாயிறு. ஆனால் இஸ்லாமிய வழக்கில் நாள் தொடங்குவது சூரியன் மறைந்ததும். ‘வெள்ளி இரவு’ என்று பெரியவர்கள் சொன்னால் அது வியாழன் மாலைக்குப் பின் வரும் இரவு. அதுபோல ‘ஞாயிறு இரவு’ என்பது சனிக்கிழமை மஃரிபில் தொடங்குகிற இரவு. கடுத்தம் எழுதியவர் பிசகவில்லை. பிறையையும் கிழமையையும் இரவையும் சேர்த்து எழுதிய அந்தக் கை எவ்வளவு கவனமான கை!

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். நபிகள் நாயகம் (ஸல்) காலத்தில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது. நடந்த சம்பவத்தின் பெயரையே ஆண்டுக்கு வைத்தார்கள். யமனை ஆண்ட அப்ரஹா யானையோடு மக்காவின் மீது படையெடுத்து வந்தது யானை ஆண்டு. நபிகள் நாயகம் பிறந்தது அந்த ஆண்டில் என்பது மரபு; பொதுவாக கி.பி. 570 என்று எழுதுகிறோம். மனைவி கதீஜாவும், காத்து நின்ற பெரியதந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து இறந்த ஆண்டு துயர ஆண்டு. சிறிய சமூகத்துக்கு அந்த வழக்கம் போதுமானதாக இருந்தது.

ஆட்சி மதீனாவிலிருந்து இராக்குக்கும் ஷாமுக்கும் (சிரியாப் பகுதி) விரிந்தபோது அது போதவில்லை. உமர் (ரலி) கலீஃபாவாக இருந்த காலத்தில், பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ, உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் தேதி இல்லை என்று முறையிட்டு எழுதினார் என்பது வரலாறு. ஷஃபான் மாதத்தில் தீர்க்க வேண்டிய கடன் பத்திரம் ஒன்று உமரிடம் வந்ததாகவும் ஒரு செய்தி உண்டு. எந்த ஷஃபான், போனதா, வருவதா? ஆலோசனை கூடியது. ரோமர்களைப் போலக் கணக்கிடலாம், பாரசீகர்களைப் போலக் கணக்கிடலாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. நபிகளாரின் பிறப்பு, முதல் வஹீ, மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த ஹிஜ்ரத், மறைவு ஆகிய நான்கும் பரிசீலனையில் இருந்தன. முடிவானது ஹிஜ்ரத். அதைச் சொன்னவர் அலீ (ரலி) என்றும், முஹர்ரமை முதல் மாதமாக வைக்கச் சொன்னவர் உஸ்மான் (ரலி) என்றும் அறிவிப்புகள் உள்ளன. அப்போது ஹிஜ்ரத் நடந்து 16 அல்லது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. நபிகளார் மறைந்தும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹிஜ்ரத்தை ‘ஊரை விட்டுப் போனது’ என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். 610இல் ஹிரா குகையில் முதல் வஹீ வந்த பிறகு பதிமூன்று ஆண்டுகள் மக்காவில் ஏச்சும் அடியும் ஊர்விலக்கும். தாயிஃப் நகரத்துக்குப் போனபோது கல்லெறி. அந்த நிலையில் யத்ரிபிலிருந்து (பின்னாளின் மதீனா) வந்தவர்கள் அகபா கணவாயில் உறுதிமொழி கொடுத்தார்கள். 621இல் வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அடுத்த ஆண்டு எழுபதுக்கு மேல், அவர்களில் இரண்டு பெண்கள். அவ்ஸ், கஸ்ரஜ் என்ற அவர்களுடைய இரு குலங்களும் தமக்குள் போரிட்டுக் களைத்திருந்தன. அதன் பிறகே மக்கா முஸ்லிம்கள் சிறு சிறு கூட்டமாகக் கிளம்பினார்கள். கடைசியில் நபிகளாரைக் கொல்லத் திட்டமிட்ட இரவில், அவருடைய படுக்கையில் படுத்திருந்தவர் அலீ. மக்காவாசிகள் நபிகளாரிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் பொறுப்பும் அவருடையதே. கொல்லத் தேடிய ஊரின் பொருள் அந்த வீட்டில் பத்திரமாக இருந்தது. இந்த ஒரு செய்தியையாவது மகளிடம் நின்று சொல்லுங்கள்.

நபிகளாரும் அபூபக்ரும் யத்ரிபுக்கு எதிர்த்திசையில், மக்காவுக்குத் தெற்கே உள்ள ஸவ்ர் குகையில் மூன்று இரவு தங்கினார்கள். வழிகாட்டியாக வந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் முஸ்லிம் அல்லர். 622 செப்டம்பரில், ரபீஉல் அவ்வல் மாதம், யத்ரிபை ஒட்டிய குபாவை அடைந்தார்கள். யத்ரிப் மதீனா ஆனது. வந்தவர்கள் முஹாஜிர்கள், வரவேற்றவர்கள் அன்ஸாரிகள். இருவரையும் நபிகளார் சகோதரர்களாக இணைத்துவைத்தார். பிறந்த குலத்தால் மட்டுமே பாதுகாப்புக் கிடைத்த அரபு மண்ணில், நம்பிக்கையால் சேர்ந்தவர்கள் ஒரு சமுதாயமாக நின்றது அங்கேதான். உமரும் தோழர்களும் ஒரு மனிதரின் பிறப்பை விட்டு அந்தத் தருணத்தைத் தேர்ந்தது, நபிகளார் கற்பித்ததை அவர்கள் எவ்வளவு ஆழமாக உள்வாங்கியிருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

ஒரு திருத்தமும் உண்டு. ஆண்டு எண்ணப்படுவது ஹிஜ்ரத் நடந்த நாளிலிருந்து அல்ல, அது நடந்த ஆண்டின் முஹர்ரம் பிறை 1இலிருந்து. அது 622 ஜூலை 16. குபாவை அடைந்ததற்கு இரண்டு மாதத்துக்கும் மேல் முன்பு.

ரமழான் ஒரு தலைமுறையில் கோடையிலும் மழையிலும் மாறி மாறி வருவதற்கும் விடை நபிகளாரின் வாழ்க்கையில்தான் இருக்கிறது. முற்கால அரபிகள் மாதங்களைத் தள்ளிவைத்துக்கொண்டார்கள். அதற்கு நஸீஃ என்று பெயர். பஞ்சாங்கத்தில் வரும் அதிக மாதத்தைத் தெரிந்தவர்களுக்கு இது ஓரளவு பிடிபடும். குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் அதைத் தடுத்தது, 632இல் இறுதி ஹஜ்ஜின் உரையில் நபிகளார் மாதம் பன்னிரண்டே என்று அறிவித்தார். அன்று முதல் ஹிஜ்ரி மாதம் பருவங்களோடு கட்டுப்படாமல் நகர்கிறது. நீங்கள் 33ஆல் வகுப்பதும் இதனால்தான்.

நிலப் பத்திரங்கள் ஏதாவது அதே பெட்டியில் இருந்தால் அங்கே ஹிஜ்ரிக் கணக்கைப் போடாதீர்கள். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பசலி, அதாவது நிலவரிக்கான ஆண்டுக் கணக்கு. பசலியோடு 590ஐக் கூட்டினால் போதும். பசலி 1312 என்பது 1902 ஜூலையில் தொடங்குகிறது. உங்கள் கடுத்தத்தின் 1320க்குப் பக்கத்து எண் என்பதால் எளிதில் குழம்பிவிடும்.

ஹிஜ்ரித் தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று எகிப்தின் பாப்பிரஸ் தாளில் இருக்கிறது. ஹிஜ்ரி 22, ஜுமாதல் ஊலா, கி.பி. 643. அரபுப் படைக்கு 65 ஆடுகள் கொடுத்ததற்கான ரசீது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதி, இரண்டு முறைகளிலும் தேதியிட்டிருக்கிறார்கள். இப்போது வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. உங்கள் கடுத்தத்திலும் ஓரத்திலோ பின்பக்கத்திலோ இரண்டாவது தேதி இருக்கிறதா என்று ஹஜ்ரத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாளுக்குரிய தமிழ் ஆண்டும் மாதமுமான ‘சுபகிருது’, ‘தை’ என்ற சொற்கள் தென்பட்டால் மேலே சொன்ன தேதி உறுதி. தாளை மடிப்புப் பிரித்து வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் தேதியைக் கடுத்தத்தின் மீது எழுத வேண்டாம். தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள்.