ஃபைல் நிகழ்வுகள் வரிசை குழம்பும் பிழையை டெஸ்ட்டில் பிடிப்பது எப்படி?

லினக்ஸில் ஒரு ஃபோல்டரை ஐநோட்டிஃபை (ஃபைல் மாற்றங்களை நிகழ்வுகளாக நிரலுக்குத் தெரிவிக்கும் லினக்ஸ் வசதி) மூலம் கவனித்து, பின்னணியில் ஃபைல்களை ஒத்திசைக்கும் சர்வீஸ். எப்போதாவது அதன் ஃபைல் பட்டியல் தப்பாகிறது, ஆனால் டெஸ்ட்டில் சிக்குவதில்லை என்கிறீர்கள்.

முதலில் டெஸ்ட்டில் இருக்கும் ஸ்லீப் வரிகளை (கொஞ்ச நேரம் சும்மா காத்திருக்கச் சொல்பவை) எடுத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை முடிவு மெஷினின் வேகத்தைப் பொறுத்தே இருக்கும். நிகழ்வுகளின் வரிசையை நீங்களே டெஸ்ட்டுக்கு உள்ளீடாகக் கொடுக்க வேண்டும்.

என் அனுபவத்தில் பிழை பெரும்பாலும் புது ஃபோல்டரில்தான் இருக்கும். ஐநோட்டிஃபை உள்ஃபோல்டர்களைத் தானாகக் கவனிக்காது. ஃபோல்டர் உருவானது என்று தெரிந்த பிறகு நாம்தான் அதற்கு வாட்ச் (அதையும் கவனிக்கச் சொல்லும் பதிவு) சேர்க்கிறோம். அதற்குள் உள்ளே எழுதப்பட்ட ஃபைலுக்கு நிகழ்வே வராது. சரி, வாட்ச் சேர்த்த கையோடு ஸ்கேன் செய்தால்? வாட்சுக்கும் ஸ்கேனுக்கும் நடுவே ஒரு ஃபைல் உருவாகி, அழிந்து, மறுபடி உருவானால், ஸ்கேன் அதை 'இருக்கிறது' என்று சொன்ன பிறகு பழைய 'அழிந்தது' வரிசையில் வந்து நிற்கும். அதை நம்பி சர்வர் பிரதியை அழிக்கும் சர்வீஸ் ஆபத்தானது. நிகழ்வை 'போய்ப் பார்' என்ற குறிப்பாக மட்டும் எடுத்து, டிஸ்க்கில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பதே சரி.

இதைச் சோதிக்க, வாட்ச் சேர்ப்பதற்கு முன்பும், ஸ்கேனுக்கு முன்பும் கோடில் ஒவ்வொரு ஹுக் (டெஸ்ட் தன் வேலையைச் செருகக்கூடிய இடம்) வையுங்கள். டெஸ்ட் அந்த ஹுக்கில் ஃபைலை உருவாக்கட்டும், அழிக்கட்டும். பிழை இருந்தால் ஒவ்வொரு தடவையும் தோற்கும்.

பெயர் மாற்றத்துக்குப் போலி நிகழ்வுகளை அனுப்பும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். 'இங்கிருந்து', 'இங்கே' என்ற இரண்டு நிகழ்வுகளுக்கும் ஒரே குக்கி எண் (இரண்டையும் ஜோடி சேர்க்கும் அடையாள எண்) இருக்கும், ஆனால் அடுத்தடுத்து வரும் என்ற உறுதி இல்லை. கவனிக்காத இடத்துக்கு ஃபைல் போனால் முதல் பாதி மட்டுமே வரும். இடையில் வேறு நிகழ்வுகளைச் செருகிப் பாருங்கள், இரண்டாம் பாதியை விட்டும் பாருங்கள். கண்டபடி கலைக்க வேண்டாம்: ஒரே ஐநோட்டிஃபை க்யூவில் (நிகழ்வுகள் காத்திருக்கும் இடம்) நிகழ்வுகள் நடந்த வரிசையில்தான் வரும், கலைத்தால் நடக்கவே முடியாத பிழையைத் துரத்துவீர்கள். ரேண்டமாகச் செருகினால் சீட் எண்ணை (அதே ரேண்டம் வரிசையை மறுபடி வரவழைக்கும் தொடக்க எண்) லாகில் எழுதுங்கள்.

அப்புறம், க்யூ நிரம்பி வழிவது. இயல்பு வரம்பு 16,384 நிகழ்வுகள். சர்வீஸைத் தொடங்கும் முன்பே வரம்பைக் குறைத்துவிட்டு, வழிந்த பிறகு முழு ஸ்கேன் நடக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்லீப் இல்லாமல் 'எல்லாம் முடிந்தது' என்று எப்படித் தெரியும்? கவனிக்கும் ஃபோல்டரில் ஓர் அடையாள ஃபைல் எழுதுங்கள். ஒரே த்ரெட் கையாண்டால், அதன் நிகழ்வு வந்தபோது முந்தையவை எல்லாம் முடிந்திருக்கும். ஃபேஸ்புக்கின் வாட்ச்மேன் கருவியும் இதே உத்தியைப் பயன்படுத்துகிறது.