நோயாளி ‘வெள்ளை டாக்டர்’ கேட்டால் கிளினிக் தலையாட்டலாமா?

கேள்வி: சென்னையில் பிடிஎஸ் முடித்து, வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கான ஓஆர்இ தேர்வில் தேறி, இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒரு கிளினிக்கில் அசோசியேட்டாக (உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்யும் பல் மருத்துவராக) இருக்கிறேன். ‘வெள்ளை டாக்டரிடம்தான் காட்டுவேன்’ என்று சொல்லும் நோயாளிகளை ரிசப்ஷனில் சத்தமில்லாமல் சக டாக்டரின் பட்டியலுக்கு மாற்றிவிடுகிறார்கள். இதனால் என் யூடிஏ (அரசு மருத்துவச் சேவையில் செய்யும் பல் சிகிச்சையை அளக்கும் புள்ளி) கணக்கு சரிந்தது. இப்போது ‘இலக்கை எட்டவில்லை’ என்று ஒப்பந்தத்தை முடித்துக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால், “நீங்கள் சுயதொழில் செய்பவர், ஊழியர் இல்லையே” என்கிறார் உரிமையாளர். அவரும் இந்திய வம்சாவளிதான். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் வழக்கு நோயாளியின் நிறவெறி பற்றியது அல்ல, அதற்கு இணங்கிப் போன கிளினிக்கைப் பற்றியது. “நோயாளி கேட்டார், நாங்கள் என்ன செய்வது?” என்றுதான் அவர்கள் தொடங்குவார்கள். இனத்தின் காரணமாக ஒருவரைக் குறைத்து நடத்துவது 2010 சமத்துவச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி நேரடிப் பாகுபாடு. நிறமும் அதில் அடக்கம். வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்பது இதற்கு விலக்காகாது. பட்டியலை மாற்றியது ரிசப்ஷனிஸ்ட் என்றாலும், ஊழியர் வேலையின்போது செய்ததற்கு முதலாளியே பொறுப்பு (109-ஆம் பிரிவு).

உரிமையாளர் இந்தியர் என்பதும் உதவாது. பாகுபாடு காட்டுபவர் அதே இனத்தவரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று 24-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நம்மவர் நடத்தும் கிளினிக்குகளில் இந்தத் தைரியம் கொஞ்சம் அதிகம்தான்.

உண்மையான சண்டை ‘சுயதொழில்’ என்ற இடத்தில் வரும். வருமான வரிக்கு நீங்கள் சுயதொழில் செய்பவராக இருக்கலாம். 83-ஆம் பிரிவு அதோடு நிற்பதில்லை. வேலையை நேரில் தானே செய்வதாக ஒப்பந்தம் போட்டவரையும் அது பாதுகாக்கிறது. அசோசியேட் ஒப்பந்தங்களில் ‘வர முடியாவிட்டால் லோக்கம் (தற்காலிக மாற்று) டாக்டரை ஏற்பாடு செய்யலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி, நேரில் செய்யும் கடமையே இல்லை என்று வாதாடுவார்கள். 2022-இல் பேறுகால விடுப்பு தொடர்பாக ஓர் அசோசியேட் பல் மருத்துவர் தொடுத்த வழக்கில், அவருக்குப் பாதுகாப்பு இல்லை என்ற கீழ்த் தீர்ப்பை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. ஆகவே அந்த ஒரு வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். லோக்கம் வைத்துக்கொள்ள நடைமுறையில் எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

ஆதாரம் அப்பாயின்ட்மென்ட் மென்பொருளில் இருக்கும்: யார், எப்போது, எந்த நோயாளியை மாற்றினார் என்ற பதிவு. கிரௌனுக்கு (பல்லுக்கு உறை போட) வந்த ஒரே நோயாளி கைமாறினால் 12 யூடிஏ போகிறது. வெறும் செக்-அப் என்றால் 1. மாறியவற்றைக் கூட்டினால், ‘இலக்கு எட்டவில்லை’ என்பதன் மூலகாரணம் தெரிந்துவிடும். ஆனால் திரையைப் போனில் படம் எடுத்துவிடாதீர்கள். நோயாளி ரகசியத்தை மீறினார் என்று பல் மருத்துவர்களைக் கண்காணிக்கும் ஜிடிசியில் உங்கள் மீதே புகார் போகும். உங்களைப் பற்றிய மின்னஞ்சல்களையும் குறிப்புகளையும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள்; பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். நோயாளி விவரம் கலந்த பதிவுகளை, வழக்கை விசாரிக்கும் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் மூலம் கேட்டு வாங்கலாம். பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நினைக்கும் அளவுக்கு நீங்கள் காட்டிவிட்டால், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர்கள் தலையில் (136-ஆம் பிரிவு).

புகார்க் கடிதத்தில் ‘என்னை அநியாயமாக நடத்துகிறார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘இனத்தின் காரணமாக, சமத்துவச் சட்டத்துக்கு மாறாக’ என்று பச்சையாக எழுதுங்கள். அதற்குப் பிறகு, புகார் கொடுத்ததற்காக நற்சான்றை மறுத்தாலோ, பழிவாங்க ஜிடிசிக்கு எழுதினாலோ, 27-ஆம் பிரிவில் தனி வழக்காகும்.

கெடு கடுமையானது: சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. கெடு நீட்டிக்கப்படும் என்ற பேச்சை நம்பி உட்கார வேண்டாம். தொடர்ந்து நடந்த செயல் என்றால் கடைசி நாளிலிருந்து கணக்கிடலாம் என்றாலும், கடிதம் கிடைத்த தேதியையே பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏகாஸ் சமரச அமைப்பில் பதிந்தாக வேண்டும்; அந்தச் சான்றிதழ் இல்லாமல் தீர்ப்பாயம் மனுவை எடுக்காது. 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மனுவுக்குக் கட்டணம் இல்லை. இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் இல்லை. மனவேதனைக்குத் தனியாகவும் கேட்கலாம்.

சக ஊழியரிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று ஜிடிசி விதிகளிலும் உண்டு. ஆனால் அங்கே போனால் உங்களுக்கு இழப்பீடு வராது, காத்திருப்புதான் நீளும். அதைப் பிறகு பார்க்கலாம். பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், ஒப்பந்த நகலோடு இந்த வாரமே அவர்களைக் கூப்பிடுங்கள்.