அத்தானோடு கோல்ஃப் ஆடப் போகும் கிளிநொச்சி வாசகருக்கு

கேள்வி: அக்காவும் அத்தானும் மகளோடு ரொறன்ரோவிலிருந்து வாற ஆவணியில் வருகிறார்கள். அத்தான் அங்கே கிழமைக்கு ஒருக்கா கோல்ஃப் ஆடுபவர். ஹண்டிகேப் (ஆளின் தரத்தைப் பார்த்துத் தரும் அடிச் சலுகை) 14 என்கிறார். மருமகளுக்கு 15 வயது, இடக்கைக்காரி. தூரம் போகாது, ஆனால் நேராக அடிப்பாள் என்று அத்தானுக்குப் பெருமை. நான் பள்ளிக்கூடக் காலத்தில் எல்லேயும் கிரிக்கெட்டும் ஆடியவன். கோல்ஃப் மட்டையைத் தொட்டதேயில்லை. அத்தான், மருமகள், நான் என்று மூன்று பேரும் ஒருநாள் மலைநாட்டில் ஆட வேண்டுமாம், மைதானத்தை நான்தான் பார்த்து வைக்க வேண்டுமாம். பழகாதவனுக்கு எது பொருத்தம், பழகினவருக்கு எது பொருத்தம்?
— ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: அத்தான் பழகிய மாதிரியான பொது மைதானம் நம் மலைநாட்டில் இல்லை என்பதை அவருக்கு இப்போதே சொல்லிவையுங்கள். ரொறன்ரோவில் மாநகரசபைக்கே சொந்தமாக ஐந்து மைதானங்கள் இருக்கின்றன. அவற்றில் டென்ரோனியா பார்க் என்பது 18 குழியும் பார் 3ஆக, அதாவது தேர்ந்தவர் மூன்றே அடியில் முடிக்கிற அளவாக, அமைந்த சின்ன மைதானம். தொடக்கக்காரர் பயமில்லாமல் இறங்குகிற இடம். அப்படி ஒன்று கண்டியிலோ நுவரெலியாவிலோ இருந்தால் வேறு கதையில்லாமல் உங்களை அங்கேயே அனுப்பியிருப்பேன். இங்கே தெரிவு இரண்டுதான், இரண்டுமே முழு 18 குழி. ஒன்று நுவரெலியா கோல்ஃப் கழகம். மற்றது கண்டிக்குக் கிழக்கே திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் மைதானம். இரண்டிலும் வெளியாட்கள் முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி ஆடலாம்.

இதில் எது இலகு, எது கடினம் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. கோல்ஃபில் ஒருவரின் தரம் ஒற்றை ஏணி மாதிரி மேலும் கீழுமாக மட்டும் போவதில்லை. ஒருவருடைய பந்து எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். கோணலாகப் போய்ப் பிழைக்கிறதா, கட்டையாக விழுந்து பிழைக்கிறதா? நேராக அடித்தும் தூரம் போகாதவருக்கு நீளமான மைதானம் எமன். தூரமாக, ஆனால் தாறுமாறாக அடிப்பவருக்கு ஒடுங்கிய மைதானம் எமன். உங்கள் மூவரில் மருமகள் முதல் வகை. நீங்கள், மட்டையைத் தொடாமலே சொல்லலாம், இரண்டாவது வகை. எல்லேயில் தடியைச் சுழற்றிய கைக்குப் பலம் குறைவில்லை, திசைதான் பிரச்சினை.

நுவரெலியாவை எடுப்போம். பிரித்தானியர் காலத்தில், 1889இல் தொடங்கிய கழகம். பட்டணத்தின் நடுவிலேயே கிடக்கிறது. பழைய கிராண்ட் ஹோட்டலிலிருந்து நடந்து போகிற தூரம். நீளம் 5,500 மீற்றரை ஒட்டியது. இன்றைய கணக்கில் இது நீளமே இல்லை. ஆனால் ஃபெயார்வே என்கிற அந்தப் புல்வழி ஒடுக்கம். இரண்டு பக்கமும் சைப்பிரஸ், யூக்கலிப்டஸ், பைன் மரங்கள் மதில் கட்டினதுபோல் நிற்கின்றன, இடையிடையே ஓடைகள் குறுக்கிடுகின்றன. நேராக அடிப்பவர் அங்கே சந்தோசமாக நடந்து போவார். கோணலாக அடிப்பவர் மரத்துக்கு மரம் பந்து தேடிக்கொண்டு திரிவார். தேடுவதற்கும் 2019இலிருந்து விதி இறுகிவிட்டது: முன்பு ஐந்து நிமிடம், இப்போது மூன்றே நிமிடம்.

உயரமும் கணக்கில் சேரும். நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடியில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து நூற்றுக்கு ஆறேழு வீதம் கூடப் போகும். கடல்மட்டத்தில் 150 மீற்றர் போகிற அடி அங்கே 160ஐத் தொடும். குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துவிடும். ரொறன்ரோவின் தாழ்நிலத்தில் பழகிய அத்தானுக்கு முதல் நாலைந்து குழியில் பந்து கிரீன் என்கிற குழியடிப் புல்தரையைத் தாண்டிப் போய் விழும், மட்டையைத்தான் குறை சொல்வார். ஓர் இலக்கம் கூடிய மட்டையை, அதாவது 6க்குப் பதிலாக 7ஐ எடுக்கச் சொல்லுங்கள்; இலக்கம் கூடக்கூடத் தூரம் குறையும். எங்கள் நிலத்தில் பிறந்தவர்களுக்கு இன்னொரு புதுமை காத்திருக்கிறது. வன்னியில் குளக்கட்டை விட்டால் மேடு ஏது? மலைச்சரிவில் பந்து ஒருபோதும் உங்கள் பாதத்தின் மட்டத்தில் கிடக்காது. வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட மேலே கிடந்தால் அடி இடப்பக்கம் இழுபடும், கீழே கிடந்தால் வலப்பக்கம் போகும். மருமகளுக்கு இது மறுவளம்.

திகன வேறு முகம். டொனால்ட் ஸ்டீல் என்ற பிரித்தானிய வடிவமைப்பாளர் அமைத்தது, மொத்தம் பார் 73, ஆகப் பின்னாலிருந்து தொடங்கும் கடைசிக் கோட்டிலிருந்து அளந்தால் 6,200 மீற்றருக்கு மேல். பக்கத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர், கீழே மகாவலியை மறித்த நீர்த்தேக்கம். உயரம் நுவரெலியாவின் மூன்றிலொரு பங்குகூட இல்லை. ஆகவே வெயிலும் உண்டு, வேர்வையும் உண்டு. புல்வழி அகலம். பந்து கொஞ்சம் விலகினாலும் அடுத்த அடி அடிக்க இடமிருக்கும். நீளத்தையும் ஏற்ற இறக்கத்தையும் பார்த்து அதைத் தேர்ந்தவர்களின் மைதானம் என்று பலர் சொல்வார்கள். உங்களைப் போன்ற புதியவருக்கு அதுதான் மன்னிக்கிற மைதானம் என்பது என் எண்ணம்.

நீளம் கூடினால் புதியவருக்குச் சிரமம் இல்லையா என்று கேட்பீர்கள். அந்த 6,200 மீற்றரும் கடைசிக் கோட்டிலிருந்து ஆடினால் மட்டுமே. ஒவ்வொரு குழிக்கும் பந்தை வைத்துத் தொடங்கும் டீ பல இடங்களில் இருக்கும். முன்னால் போகப்போக மைதானம் குறுகும். உண்மையில் ஆளின் தரத்துக்குப் பொருத்தமாகத் தெரிவுசெய்ய வேண்டியது மைதானத்தை விட இந்த டீயைத்தான், பலர் இதில்தான் கௌரவம் பார்த்துக் கெடுகிறார்கள். நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு: 5ஆம் இலக்க அயன் மட்டையால் சாதாரணமாக எவ்வளவு தூரம் அடிக்கிறீர்களோ அதை 36ஆல் பெருக்குங்கள், வருகிற நீளத்தை ஒட்டிய டீயே உங்களுக்கு உரியது. அத்தான் 150 மீற்றர் அடிப்பவர் என்றால் 5,400. மருமகள் 110 என்றால் 3,960. அவள் முன் டீயிலிருந்துதான் ஆட வேண்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நீங்களும் அவளோடு முன்னாலேயே நில்லுங்கள். ஆம்பிளை முன் டீயில் நிற்பதா என்று அத்தான் பகிடி பண்ணினால் பண்ணட்டும்.

அத்தானின் 14ஐயும் அப்படியே காவிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு மைதானத்துக்கும் டீக்கு டீ, எவ்வளவு கடினம் என்று காட்டும் ஸ்லோப் ரேட்டிங் என்று ஓர் எண் உண்டு. 55இலிருந்து 155 வரை போகும், 113 நடுத்தரம். ஒரு பேச்சுக்கு அந்த எண் 130 என்றால், 14ஐ 130ஆல் பெருக்கி 113ஆல் வகுக்க 16 வருகிறது. அன்றைக்கு அவருக்கு 16 அடிச் சலுகை. பார் கணக்கை வைத்து இன்னும் சிறு திருத்தம் உண்டு, கழகத்திலேயே சொல்வார்கள்.

மூன்று விதமான ஆட்டக்காரர் ஒன்றாக இறங்கும்போது அடிகளை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஒரு குழிக்கு 13 அடி எடுத்து முடிக்கும்வரை பின்னால் ஒரு கூட்டம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும். ஸ்டேபிள்ஃபோர்ட் என்கிற புள்ளி முறையில் ஆடுங்கள். உலக ஹண்டிகேப் முறையில் ஆகக் கூடிய சலுகை 54. அதை உங்களுக்கு எடுத்துக்கொண்டால் குழிக்கு மூன்று அடி. பார் 4 குழியை நீங்கள் ஏழு அடியில் முடித்தால் 2 புள்ளி, எட்டு அடியில் முடித்தால் 1. எட்டைத் தாண்டிவிட்டதா, பந்தைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அத்தான் அடிப்பதைப் பாருங்கள். இந்த முறையில் நீங்கள் அவரை வெல்லவும் இடமுண்டு. 18 குழியும் ஆடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, முதல் நாளில் ஒன்பது போதும்.

காலத்துக்கு வருவோம். ஆவணியில் எங்களுக்குச் சோளகம் அடித்து வாய்க்கால் வறண்டு கிடக்கும். அதே காற்றுத்தான் மலையின் மேற்குச் சரிவில் ஏறி நுவரெலியாவில் தூறலாகவும் புகாராகவும் இறங்குகிறது. பின்னேரமானால் கொடி நிற்கும் குழியே கண்ணுக்குத் தெரியாத நாட்களும் உண்டு. நுவரெலியாவுக்கு நல்ல மாதங்கள் மாசி, பங்குனி. சித்திரையும் நல்லதுதான், ஆனால் அது வசந்தகாலக் கொண்டாட்ட மாதம், அறை எடுக்க ஏலாது. திகனவோ மலையின் மறுபக்கத்தில் மறைந்து கிடப்பதால் ஆவணியில் கூடிய அளவு காய்ந்தே இருக்கும். ஆகவே என் முடிவு திகன. மருமகளின் ஆட்டத்துக்கு நுவரெலியாதான் பொருத்தம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மூவர் போகிற இடத்தை ஆகப் பலவீனமான ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், அந்த ஆள் நீங்கள். அவளை அடுத்த முறை மாசியில் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒன்று கவனம்: கண்டிப் பெரஹெர ஆடி ஆவணியில்தான் வரும், திகதி வருடா வருடம் மாறும். அந்தப் பத்து நாளும் கண்டிக்குள் வாகனம் நகராது, தங்குமிட விலை ஏறிவிடும். வீட்டில் மடுத் திருவிழாவுக்கோ நல்லூருக்கோ நேர்த்தி இருந்தால் அதையும் பார்த்துத் திகதி குறியுங்கள். ஏ9 வீதியால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று கண்டிக்கு 250 கிலோமீற்றர் அளவு வரும். காலையில் வெளிக்கிட்டு அன்றைக்கே ஆடுகிற நினைப்பை விடுங்கள். முதல் நாள் போய்ப் படுத்து, விடிய முதல் நேரத்தில் இறங்கினால்தான் வெயிலுக்கு முன் முடிக்கலாம்.

மலைக்கு முன் சமதரையில் ஒருக்கா ஆடிப்பார்க்க விருப்பமென்றால் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் 18 குழி மைதானம் இருக்கிறது. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானையால் போகலாம். படைமுகாம் பக்கம் போய் விளையாட எல்லோருக்கும் மனம் வராது. அது உங்கள் விருப்பம்.

அதுவரை ஊரில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழைய 7ஆம் இலக்க அயன் ஒன்றும் பத்துப் பந்தும் தேடி எடுங்கள். சொந்த மேட்டுக்காணியிலோ அறுவடை முடிந்த வயலிலோ, முழு வீச்சை மறந்துவிட்டு, முப்பது நாற்பது மீற்றர் போகிற அரை வீச்சை மட்டும் பழகுங்கள். எல்லே ஆடிய கை தடியை வெட்டி இழுக்கப் பார்க்கும். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது, அவசரம் எதற்கு? பந்து பற்றைக்குள் போனால் விட்டுவிடுங்கள். பாம்பு ஒரு காரணம். மற்றது, கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று உறுதியாகத் தெரிந்த, ஆட்கள் நாளாந்தம் நடமாடுகிற காணியைத் தவிர வேறெங்கும் பந்து அடிக்கவே வேண்டாம். ஒரு பந்தின் விலைக்கு அந்த வேலை தேவையில்லை.

பதிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள். வாடகை மட்டையில் இடக்கைச் செட் இருக்கிறதா? பெரும்பாலும் சந்தேகம்தான், ஆகவே மருமகளைத் தன் பையை ரொறன்ரோவிலிருந்தே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். கொலர் வைத்த சேட்டும் ஜீன்ஸ் அல்லாத களிசானும் கட்டாயமா? கட்டாயம் என்றே வைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள், சப்பாத்து அடி தட்டையாக இருக்கட்டும். பை காவும் கெடிக்குக் கட்டணம் தனியா? தனி என்றாலும் ஆளுக்கொருவரை எடுங்கள், கிரீனில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறாக இருக்கலாம். உங்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.