மூன்று லட்சம் ரூபாய் ஊசி இருக்கட்டும், செருப்பு ஏன் நழுவுகிறது?

தம்பி, தோப்பை விற்க வேண்டாம். கம்பமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து அப்பாவுக்குத் தலையில் அடிபட்டு ஒரு மாதம் ஆகிறது, கொச்சியில் ஒரு கிளினிக்கில் எக்ஸோசோம் ஊசிக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள், பணம் இல்லாததால் அவருக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியத்தைத் தடுத்துவிட்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தடுக்கவில்லை.

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் நுண்ணிய பை, 30 முதல் 150 நானோமீட்டர்தான் இருக்கும், உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ.வும். ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்த பைகளைத் தலையில் அடிபட்ட எலிக்கும் பன்றிக்கும் கொடுத்துப் பார்த்ததில் வீக்கம் குறைந்தது உண்மை, நல்ல ஆராய்ச்சி. ஆனால் விலைக்கு விற்கும் நிலைக்கு அது வரவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு எக்ஸோசோம் மருந்துக்கும் ஒப்புதல் தரவில்லை, நெப்ராஸ்காவில் இந்த ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் பெரிய பாதிப்பு வந்ததும் 2019 டிசம்பரில் எச்சரிக்கையே விட்டது. 'ஆய்வு' என்று அந்த கிளினிக்கில் சொன்னால், நம் நாட்டில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆய்வுக்கு வருகிறவரிடம் எதற்குக் காசு என்றும் கேளுங்கள். ரீல்ஸில் எழுந்து நடக்கிறவரைப் பார்த்து நிலத்தை விற்பதா?

தையல் போட்ட இடத்தில் அரிப்பு, முடி கொட்டுவது, வாய்க் கசப்பு, இதையெல்லாம் விடுங்கள், தானே சரியாகும்.

கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, நாலைந்து நாளாக இடது கால் செருப்பு அவருக்கே தெரியாமல் கழன்றுவிடுகிறது, பகலிலும் தூங்கி வழிகிறார் என்று, எனக்குப் பயம் அதில்தான். அறுபதைத் தாண்டினால் மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டை ஓட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் அடிபட்டால் கிழிந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். அன்றைக்கு எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், மூன்று நாலு வாரத்தில் ரத்தம் தேங்கி மூளையை அழுத்தலாம், அப்போதுதான் ஒரு பக்கக் கால் இப்படி வலுவிழக்கும், தூக்கமும் அழுத்தும். இதய நோய்க்கு அவர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், அதோடு தலைவலிக்கு மெடிக்கலில் சொல்லி டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், இரண்டுமே ரத்தக் கசிவைக் கூட்டும்! யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? அதை இப்போதே நிறுத்துங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார்.

இன்றைக்கே தேனி க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுங்கள், பழைய ஃபிலிமும் கையில் இருக்கட்டும். ரத்தம் தேங்கியிருந்தால் மண்டையில் சின்னத் துளை போட்டு வடித்துவிடுவார்கள், பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள். வாந்தி, வலிப்பு, எழுப்பினால் கண் திறக்காத மயக்கம், இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், நள்ளிரவானாலும் சரி, விடியட்டும் என்று இருக்காதீர்கள்.