படுக்கையில் இருக்கும் பிரதமர் பதவி விலகியே ஆகவேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். மதுரை திருநகரில் எங்கள் வாசகசாலை சார்பில் ஒரு பட்டிமன்றம் வைக்கிறோம். கடுமையான நோயில் விழுந்த நாட்டுத் தலைவர் பதவியை விட்டு இறங்க வேண்டுமா என்பதுதான் தலைப்பு. "சட்டத்திலேயே இருக்கு, இறங்கித்தான் ஆகணும்" என்கிறது ஒரு அணி. "மக்கள் கொடுத்த பதவியை நோய் பறிக்கக் கூடாது" என்கிறது மற்றது. நடுவில் ஒரு நண்பர், "ஹைகோர்ட் கிளையில் ஒரு பொதுநல மனு போட்டா தானா இறங்கிடுவாங்க" என்கிறார். நம் நாட்டில் நிலைமை உண்மையில் என்ன? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: "சட்டத்திலேயே இருக்கு" என்கிற அணி முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும். நம் அரசியலமைப்பு குடியரசுத் தலைவரின் நோயைப் பற்றிப் பேசுகிறது. பிரதமரின் நோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

குடியரசுத் தலைவர் நோயாலோ வேறு காரணத்தாலோ பணியைச் செய்ய முடியாமல் போனால், அவர் திரும்பும் வரை துணைக் குடியரசுத் தலைவர் அந்தப் பணிகளைப் பார்ப்பார் என்கிறது 65-வது பிரிவு. 1961-ல் ராஜேந்திர பிரசாத் உடல்நலம் குன்றியபோது ராதாகிருஷ்ணன் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். பதவி காலியாகிவிட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். துணைத் தலைவரும் இல்லாமல் போனால் யார் என்பதற்கு 1969-ல் தனிச் சட்டமே வந்தது. அதே ஆண்டு மே 3-ல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார், துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். தேர்தலில் நிற்பதற்காக ஜூலையில் கிரியும் விலகியதால், தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா ஒரு மாதத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு படிக்கும் ஆள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிரதமருக்கு அந்த ஏணி கிடையாது. 75-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அவரை நியமிக்கிறார். மக்களவையின் பெரும்பான்மை இருக்கும்வரை அவர் நீடிக்கிறார். "குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை" என்ற சொல் அந்தப் பிரிவில் உண்டுதான். ஆனால் பெரும்பான்மை உள்ள பிரதமரை மருத்துவ அறிக்கையைக் காட்டி வீட்டுக்கு அனுப்ப அது உதவாது. துணைப் பிரதமர் என்ற பதவியும் அரசியலமைப்பில் இல்லை. அது கட்சிகள் கொடுக்கிற மரியாதை. பிரதமர் இறந்துவிட்டால் வழி தெளிவு. 1964 மே 27-ல் நேரு மறைந்த அன்றே குல்சாரிலால் நந்தா பதவியேற்றார். 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோதும் அவரேதான். சாவுக்கு வழி இருக்கிறது, படுக்கைக்குத்தான் இல்லை. உங்கள் பட்டிமன்றம் முழுக்க இந்த இடைவெளியில்தான் நடக்க வேண்டும்.

இடைவெளியை இதுவரை எப்படிச் சமாளித்தார்கள்? பெரும்பாலும் ஒட்டுப்போட்டுத்தான். 1964 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நேருவுக்கு பக்கவாதம் வந்தபின் சாஸ்திரியை இலாகா இல்லாத அமைச்சராகக் கொண்டுவந்து பாரத்தை அவர் தோளில் ஏற்றினார்கள். 2009 ஜனவரி 24-ல் மன்மோகன் சிங்குக்கு எய்ம்ஸில் பைபாஸ் அறுவைசிகிச்சை நடந்தது. அப்போது அவர் வசம் இருந்த நிதித் துறையும் அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிற வேலையும் பிரணாப் முகர்ஜியிடம் போயின. 'தற்காலிகப் பிரதமர்' என்று யாரையும் அறிவிக்கவில்லை. வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்தார்கள். அறுவைசிகிச்சைக்கு முன்பே, அவர் நிதானமாக இருந்தபோதே ஏற்பாடு செய்ததால் அது சச்சரவில்லாமல் நடந்தது.

நம் மாநிலத்தில் நடந்தது வேறு. 2016 செப்டம்பர் 22-ல் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்ந்தார். அக்டோபர் 11-ல்தான் 166(3) பிரிவின் கீழ் அவருடைய இலாகாக்களை ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றி ஆளுநர் அறிவிப்பு வந்தது. முதலமைச்சர் பதவி அவரிடமே இருந்தது. கூட்டத் தலைமை மட்டும் மாறியது. இடையில் ஏறத்தாழ மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் கிளம்பிய வதந்திகள் இன்றைக்கும் ஓயவில்லை. ஓர் அறிவிப்பு தாமதமானால் எவ்வளவு கெடும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். நோயின் பெயரை அளவுகோலாக வைக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் மேசைக்குப் போகிற கோப்பில் முடிவு எடுப்பது அவரா, பக்கத்தில் நிற்பவரா?

சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை, தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவர் மற்ற நேரத்தில் தெளிவாகவே யோசிப்பார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர் ஒவ்வொரு சுற்றிலும் சில நாள் துவண்டு கிடப்பார், பிறகு எழுந்துவிடுவார். கோவா முதல்வர் மனோகர் பாரிக்கர் கணையப் புற்றுநோயோடு, மூக்கில் குழாயோடு 2019-ல் பட்ஜெட் வாசித்தார். அதே ஆண்டு மார்ச் 17-ல் பதவியிலேயே இறந்தார். அவர் விலகியிருக்கலாமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் அவருக்குப் புத்தி தடுமாறியது என்று சொல்ல முடியாது.

பக்கவாதத்தின் கணக்கு வேறு. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலது கை விழும், பேச்சும் குழறும். சிலருக்குப் பேச்சு மட்டும் போகும், சொல்வதெல்லாம் புரியும். சிலருக்கு நேர்மாறாக, சரளமாகப் பேசுவார்கள், எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது. இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் புகைப்படத்தில் அவர் நன்றாகத் தெரிவார். வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு இருப்பவர் எதிலும் கையெழுத்துப் போட முடியாது, அதில் விவாதமே இல்லை. ஐசியூவில் வரும் மனக்குழப்பம் ஏறி இறங்கும்: காலையில் பெயர் சொல்லி விசாரிப்பார், மாலையில் இது எந்த ஊர் என்று கேட்பார். காலையில் பார்த்துவிட்டு வந்த அமைச்சர் "தலைவர் நல்லா பேசினார்" என்று சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது போதாது. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தால் ஒரு நாளாவது முக்கியமான காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள் என்று சாதாரண நோயாளிக்கே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஆகவே மருத்துவமனை அறிக்கையை வாசிக்கும்போது 'நிலைமை சீராக உள்ளது' என்ற வரியைத் தள்ளிவிடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவரும் சீராக இருக்கலாம். சுயநினைவு இருக்கிறதா, தேதியும் இடமும் ஆளும் தெரிகிறதா, அறிக்கையில் சிகிச்சை தரும் மருத்துவரின் கையெழுத்தும் நேரமும் உண்டா, அடுத்த அறிக்கை எப்போது என்று பாருங்கள். பிரான்ஸ் அதிபர் மித்தரானுக்கு 1981-லேயே புற்றுநோய் தெரிந்துவிட்டது. நாட்டுக்குச் சொன்னது 1992-ல். இடையில் வந்த அறிக்கைகளெல்லாம் அவர் ஆரோக்கியமாக இருப்பதாகத்தான் சொல்லின.

கையெழுத்து என்றால் உங்களைப் போன்ற திருப்பரங்குன்றம் தொகுதிக்காரர்களுக்கு நாங்கள் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2016 நவம்பர் இடைத்தேர்தலில் ஏ.கே. போஸுக்கு இரட்டை இலை ஒதுக்கக் கொடுத்த 'ஏ', 'பி' படிவங்களில் ஜெயலலிதாவின் இடது கைப் பெருவிரல் ரேகைதான் இருந்தது. தொண்டையில் துளையிட்டுச் சிகிச்சை நடந்திருக்கிறது, வலது கை வீங்கியிருக்கிறது, அதனால் கையெழுத்திட இயலவில்லை என்று மருத்துவர் சான்றளித்திருந்தார். எதிர்த்து நின்ற திமுக வேட்பாளர் சரவணன் வழக்குப் போட்டார். எழுத முடியாதவர் குறியிடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் 1961-ம் ஆண்டு தேர்தல் விதிகளின்படி, தேர்தல் அதிகாரியோ ஆணையம் குறித்த அதிகாரியோ நேரில் இருந்து, ஆள் அவர்தான் என்று உறுதிசெய்து சான்றொப்பமிட வேண்டும். 2019 மார்ச் 22-ல் சென்னை உயர் நீதிமன்றம் போஸின் வெற்றி செல்லாது என்றது. அதற்குள் போஸ் காலமாகியிருந்தார். அந்த மே மாதம் மறுபடி இடைத்தேர்தல் நடந்தது. ஒரு ரேகையை யார் முன்னிலையில் வைத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் வர இரண்டரை வருடம் ஆனது. ஒரு தொகுதியின் சின்னத்துக்கே இந்தப் பாடு என்றால் நாட்டின் ராணுவக் கோப்புக்கு என்ன பாடு படும் என்று 'இறங்கித்தான் ஆகணும்' என்கிற அணியினர் கேட்கலாம்.

மற்ற அணிக்கும் கையில் சரக்கு உண்டு. 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அன்று ஆண்டிப்பட்டி நம் மதுரை மாவட்டம்தான். தேனி பிரிந்தது 1996-ல். நோய் தெரிந்தே மக்கள் ஓட்டுப் போட்டார்கள். வலுவான வாதம். ஆனால் அந்த மாதங்களில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் நெடுஞ்செழியன், எம்.ஜி.ஆர். பிப்ரவரியில் திரும்பி வந்த பிறகுதான் பதவியேற்றார். மக்கள் தீர்ப்பு ஒருவருக்கு உரிமை கொடுக்கும், கோப்பைப் படித்துக் காட்டாது. இதைச் சொன்னால் கைதட்டல் விழும், உண்மையும் அதுதான்.

சரி, எப்போது விலக வேண்டும்? எங்கள் கருத்து இது. சில வாரங்களில் திரும்புவார் என்றால் விலக வேண்டாம். பொறுப்பை எழுத்தில் ஒப்படைத்தால் போதும். புரிந்துகொள்ளும் திறனோ நினைவோ போயிருந்தால், அல்லது மூன்று மாதம் கடந்தும் முழுவேலைக்குத் திரும்பும் தேதியை மருத்துவர்களால் சொல்ல முடியாவிட்டால், விலகத்தான் வேண்டும். மூன்று மாதக் கணக்கு ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. இஸ்ரேல் சட்டம் 100 நாள் கொடுக்கிறது. 2006 ஜனவரி 4-ல் பக்கவாதத்தில் நினைவிழந்த பிரதமர் ஏரியல் ஷரோன் விஷயத்தில் அந்த 100 நாள் ஏப்ரலில் முடிந்தது, பதவியும் முடிந்தது. அதுவரை எகுத் ஓல்மர்ட் பொறுப்பில் இருந்தார். ஜப்பானில் 2000 ஏப்ரலில் ஒபுச்சி பக்கவாதத்தில் விழுந்தபோது சில நாளிலேயே புதுப் பிரதமர் வந்துவிட்டார். அமெரிக்காவில் 1919-ல் அதிபர் வில்சனுக்குப் பக்கவாதம் வந்து, மனைவியும் மருத்துவரும் சேர்ந்து அவரை மாதக்கணக்கில் மறைத்தார்கள். அங்கே 25-வது திருத்தம் வந்தது 1967-ல்தான். இப்போது அதிபர் ஒரு கடிதம் எழுதி அதிகாரத்தைத் துணை அதிபரிடம் கொடுத்து, எழுந்ததும் இன்னொரு கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 2021 நவம்பரில் பைடன் குடல் பரிசோதனைக்குப் போனபோது கமலா ஹாரிஸிடம் அதிகாரம் சுமார் 85 நிமிடம் இருந்தது.

எழுதித் தருகிற ஒப்படைப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமைச்சரவைக் கூட்டத்துக்கு யார் தலைமை என்பதோடு நிற்கக் கூடாது. பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, நியமனக் குழு இரண்டுக்கும் பிரதமர்தான் தலைவர். அவற்றுக்கும் பெயர் வேண்டும். அணு ஆயுத உத்தரவு கொடுக்கும் அரசியல் குழுவுக்கும் அவரே தலைவர். அதற்கு மாற்றுக் கட்டளை வரிசை ஒன்று அங்கீகரிக்கப்பட்டிருப்பதாக 2003 ஜனவரியிலேயே அரசு அறிவித்துவிட்டது. வரிசை ரகசியம், ரகசியமாகவே இருக்கட்டும். ஒப்படைப்பு தொடங்கும் தேதி, மறுபரிசீலனைத் தேதி, 'வேலைக்குத் தகுதி' என்று சான்று தரப்போகும் மருத்துவர் குழு, பொறுப்பாளர் தொடக் கூடாத விஷயங்கள் எல்லாம் அதில் வர வேண்டும். மக்களவையைக் கலைக்கப் பரிந்துரைப்பது அந்தக் கடைசி வகை. முக்கியமாக, மயக்க ஊசி போடுவதற்கு முன்பு கையெழுத்தாக வேண்டும். நினைவு தப்பிய பிறகு ஒப்படைக்க அவரால் முடியாது. சுற்றியிருப்பவர்களுக்கோ தாமதம்தான் லாபம்.

அவராக விலகவில்லை என்றால்? ஆளும் கட்சி எம்.பி.க்கள் கூடி வேறு தலைவரைத் தேர்ந்தெடுப்பதுதான் நேர்வழி. நம்பிக்கையில்லாத் தீர்மானம் இரண்டாவது. அதை எடுத்துக்கொள்ளவே 50 உறுப்பினர் எழுந்து நிற்க வேண்டும். அனுமதி இல்லாமல் அவைக்கு 60 நாள் வராவிட்டால் எம்.பி. இடம் காலி என்று அறிவிக்கலாம் என்கிறது 101-வது பிரிவு. அதை நம்பாதீர்கள். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டிருக்கும் காலமும், தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் ஒத்திவைத்த நாட்களும் கணக்கில் சேராது, விடுப்பு கேட்டால் அவை கொடுத்துவிடும். சித்தசுவாதீனம் இல்லை என்ற தகுதியிழப்புக்கு, உரிய நீதிமன்றம் முன்கூட்டியே அப்படி அறிவித்திருக்க வேண்டும்.

உங்கள் நண்பர் மேலூர் ரோட்டிலுள்ள ஹைகோர்ட் கிளைக்குக் கிளம்பும் முன் இதைச் சொல்லுங்கள். ஒரு கடமை சட்டத்தில் எழுதியிருந்தால்தான் அதைச் செய் என்று நீதிமன்றம் ஆணையிடும். நோயுற்ற பிரதமர் விலக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாதபோது ஆணையிட ஒன்றும் இல்லை. 'எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் இருக்கிறாய்' என்று கேட்கும் மனு, பதவிக்கு வந்த விதத்திலோ தகுதியிலோ ஓட்டை இருந்தால்தான் நிற்கும். நோய் தகுதிக் குறைவு இல்லை.

அந்தச் செலவுக்குப் பதில் பத்து ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு போடலாம். ஸ்கேன் முடிவு, மருந்துச் சீட்டு என்று கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று 8-வது பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அமைச்சரவைக் கூட்டங்களுக்குத் தலைமை வகித்தவர் யார், அதற்கான உத்தரவின் நகல், பிரதமர் வசமுள்ள இலாகாக்களின் கோப்புகளுக்கு ஒப்புதல் தர அதிகாரம் பெற்றவர் பெயர்' என்று கேளுங்கள். இது அரசு ஆவணம், உடல்நலத் தகவல் அல்ல. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு.