சொத்து வரி ஆபீஸ் அலைச்சல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சொத்து வரி கட்டப் போன அனுபவத்தை எழுதுங்கன்னு கேட்டிருந்தோம், இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. நான் ஒரு நகராட்சி வருவாய்ப் பிரிவுல 22 வருஷம் கவுன்டர்ல உக்காந்து வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ, அதனால ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும். ஊர் பேர், ஆள் பேர் எதுவும் போடல.

கேள்வி: என் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆச்சு. வீட்டு வரி அவர் பேர்லயே இருக்கு. மாத்த நாலு தடவை போயிட்டேன்மா. முதல் தடவை இறப்புச் சான்று கேட்டாங்க, அடுத்த தடவை வாரிசு சான்று, மூணாவது தடவை பத்திர ஜெராக்ஸ். நாலாவது தடவை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனா அந்த சீட்ல ஆளே இல்ல. ஒரு தடவை கூட உக்காருங்கன்னு யாரும் சொல்லல.

பதில்: அம்மா, கடைசி வரியைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் கடிதத்தை கீழ வச்சிட்டேன். அவங்க கேட்ட மூணு பேப்பருமே தேவைதான், அதுல தப்பில்ல. ஆனா மூணையும் முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்திருந்தா நீங்க ரெண்டாவது தடவையிலயே முடிச்சிருப்பீங்க, அதை எழுத ஒரு நிமிஷம் கூட ஆகாது, அந்த ஒரு நிமிஷம் கொடுக்காததால உங்களுக்கு ரெண்டு பஸ் பயணம், ரெண்டு நாள் கூலி போச்சு. இது பெரிய தப்பு, நான் அந்த நாற்காலியில இருந்தவங்கிறதால அழுத்தியே சொல்றேன்.

இப்ப இப்படி பண்ணுங்க. ஒரு வெள்ளைத் தாள்ல மனு எழுதுங்க, ஆணையாளருக்குன்னு போட்டு. மேலயே வரிவிதிப்பு எண், கதவு எண், வார்டு எண் மூணும் இருக்கணும், வரிவிதிப்பு எண் பழைய ரசீதுல இருக்கும். கீழ 'இணைப்பு'ன்னு போட்டு 1, 2, 3ன்னு வரிசையா எழுதுங்க: இறப்புச் சான்று, வாரிசு சான்று, பத்திர நகல், கடைசியா கட்டின வரி ரசீது. உங்க பேருக்கு மட்டும் மாத்தறதா இருந்தா பிள்ளைங்க கையெழுத்து போட்ட சம்மதக் கடிதமும் கேப்பாங்க, முன்னாடியே வாங்கி வச்சுக்கங்க. பாக்கி இருந்தா அதையும் கட்டிட்டுப் போங்க, பாக்கியைக் காட்டித்தான் பாதி பேரைத் திருப்பி அனுப்புறாங்க.

மனுவை ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணுல சீல், தேதி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் நகரணும். 'வச்சிட்டுப் போங்கம்மா, பாத்துக்கறோம்'னு சொன்னா, 'சரிங்க, இதுல ஒரு சீல் மட்டும் போட்டுருங்க'ன்னு நிதானமா கேளுங்க, சண்டை வேணாம். எங்க மேஜையில ஒரு தேதி சீல் இருக்கும், தினமும் காலையில வந்ததும் அந்தக் குட்டி ரப்பர் வளையத்தை நகத்தால தள்ளி தேதி மாத்துவோம். அந்த ஊதா மை ஒரு பேப்பர் மேல விழுந்துட்டா பதிவேட்டுல எண் ஏறியாகணும், எண் ஏறினது மேல ஏதாவது ஒரு பதில் எழுதியாகணும். சீல் விழாத பேப்பர் எத்தனை பீரோவுக்கு அடியில போயிருக்குன்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். சீட்ல ஆள் இல்லாத நாள்ல கூட தபால் பிரிவுல கொடுத்து சீல் வாங்கலாம், நாலாவது தடவை நீங்க சும்மா திரும்பியிருக்க வேண்டியதே இல்ல, இது உங்களுக்கு யாரும் சொல்லல.

அதுக்கப்புறமும் அசையலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல ஒரு மனு போடுங்க. கட்டணம் 10 ரூபாய்தான், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். 'இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு இப்போது யாரிடம், எந்த நிலையில் உள்ளது'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 30 நாளைக்குள்ள பதில் தரணும். பதில் எழுத ஃபைலைத் தேடி எடுக்கணும் இல்லையா, எடுத்த ஃபைல் பெரும்பாலும் நகர்ந்துரும். முதல்வர் உதவி மைய எண் 1100க்கும் புகார் சொல்லலாம், அப்பவும் அந்த சீல் தேதியைச் சொல்லுங்க.

இன்னொண்ணு, வரியில பேர் மாறினா வீடு உங்க பேருக்கு வந்துட்டதுன்னு நினைச்சிராதீங்க. பட்டா வேற, அது தாலுகா ஆபீஸ் வேலை. வரி ரசீது மட்டுமே சொத்துரிமைக்கு ஆதாரம் ஆகாதுன்னு கோர்ட்டுகள் பல தடவை சொல்லியிருக்கு.

கேள்வி: ஆன்லைன்ல வரி கட்டினேன், அக்கவுன்ட்ல பணம் போயிடுச்சு, ரசீது வரல. ஆபீஸ்ல கேட்டா 'எங்களுக்கு வரல, திரும்ப கட்டுங்க'ன்னு சொல்றாங்க.

பதில்: அவசரப்பட்டு திரும்ப கட்டாதீங்க தம்பி. ரெண்டு மூணு நாள் விட்டு அதே தளத்துல வரிவிதிப்பு எண்ணைப் போட்டுப் பாருங்க, பல நேரம் லேட்டா ஏறும். ஏறலன்னா பேங்க் ஸ்டேட்மென்ட்ல அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து, பரிவர்த்தனை எண்ணை அடிக்கோடு போட்டு, மனுவோட கொடுங்க. மொபைலை கண்ணாடிக்குள்ள நீட்டிக் காட்டினா பிரயோஜனம் இல்ல, ஃபைல்ல வைக்க அவங்களுக்குப் பேப்பர் வேணும். எந்தத் தளத்துல கட்டினீங்கன்னும் ஒரு தடவை பாத்துருங்க, சென்னை மாநகராட்சிக்குத் தனி, மத்த ஊர் நகராட்சிகளுக்குத் தனி, கிராம ஊராட்சி வீட்டு வரிக்குத் தனி.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயசு. வரி செக்ஷன் மாடியில இருக்கு, லிஃப்ட் இல்ல. ஓனர்தான் வரணுமா?

பதில்: பணம் கட்ட ஓனர் வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, எண் தெரிஞ்சா யார் வேணா கட்டலாம். மனு கொடுக்கணும்னா அப்பா கையெழுத்து போட்ட அதிகாரக் கடிதம், அவர் அடையாள அட்டை நகல் எடுத்துட்டு நீங்க போங்க. முடியாதவங்களை மாடி ஏற வைக்கிறது மனசாட்சிப்படியும் சரியில்ல, சட்டப்படியும் சரியில்ல, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொதுக் கட்டடங்கள் எல்லாரும் வந்து போற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. கீழ்த்தளத்துல ஒரு கவுன்டர் கேட்டு ஆணையாளருக்கு எழுதுங்க, உங்க தெருக்காரங்க பத்துப் பேரும் சேர்ந்து கையெழுத்து போடுங்க. நாள் பாத்துப் போங்க, மார்ச் கடைசி வாரம் வேணவே வேணாம். ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள்ள கட்டினா அந்த அரையாண்டு வரியில 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் ஊக்கத்தொகை இருக்கு, அதுக்காகவே அந்த ரெண்டு மாசமும் கடைசி நாள்ல கூட்டம் தாங்காது. மாசத்தோட நடுவுல, காலையில போங்க.

கேள்வி: எங்க வீட்டை 1240 சதுர அடின்னு போட்டுட்டாங்க. நான் அளந்தா 1180தான் வருது. போய்ச் சொன்னா 'சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு'ன்னு அனுப்பிட்டாங்க.

பதில்: அறுபது அடிதானேன்னு விட்டுராதீங்க சார். 2022ல வரி உயர்த்தினப்ப சென்னையைத் தவிர்த்த மத்த ஊர்ல குடியிருப்புக்கு 601லேருந்து 1200 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம், 1201லேருந்து 1800 வரைக்கும் 75 சதவீதம். அந்த அறுபது அடி உங்களை அடுத்த படியில ஏத்திருச்சு, ஒவ்வொரு அரையாண்டுக்கும் அந்த வித்தியாசத்தைக் கட்டிட்டே இருப்பீங்க.

'சிஸ்டத்துல இருக்கு'ங்கிறது பதிலே இல்ல, சிஸ்டத்துல ஏத்தினது ஒரு மனுஷன்தான். கட்டட அனுமதி வரைபட நகலை வச்சு, ஒவ்வொரு ரூமோட நீளம் அகலம் எழுதி, 'நேரில் வந்து மறு அளவீடு செய்யவும்'னு மனு கொடுங்க, சீல் மறக்காதீங்க. அளக்க வரும்போது கூடவே நில்லுங்க, டேப்போட இன்னொரு முனையை நீங்களே பிடிங்க, போர்டிகோ, வெளிப்படிக்கட்டு இதையெல்லாம் எப்படி சேர்க்கிறாங்கன்னு அங்கயே கேட்டுருங்க. முடிவு வர்ற வரைக்கும் வரியைக் கட்டாம நிறுத்தாதீங்க, தாமதத்துக்கு மாசம் 1 சதவீதம் வட்டி ஏறும்.

கேள்வி: வேலை முடிய 'ஏதாவது பாத்து பண்ணுங்க'ன்னு கேக்கறாங்க. கொடுத்துட்டா தொல்லை விட்டுதுன்னு தோணுது.

பதில்: கொடுக்காதீங்க. ஊழல் தடுப்புச் சட்டத்துல 2018ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கறவரும் குற்றவாளிதான், கட்டாயப்படுத்தி வாங்கினா 7 நாளைக்குள்ள புகார் கொடுத்தவருக்குத்தான் விலக்கு. கொடுக்கறதுக்கு முன்னாடியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்க. உங்களுக்குத் தொல்லை விட்டிரும், ஆனா உங்களுக்குப் பின்னாடி நிக்கற கூலிக்காரர்கிட்டயும் அதே கை நீளும்.

கேள்வி: நான் வரி கவுன்டர்ல புதுசா சேர்ந்தவன்மா. ஒரு நாளைக்கு நூறு பேராவது வர்றாங்க, சர்வர் நின்னா என்னைத்தான் திட்டறாங்க. நல்லா பேசணும்னுதான் ஆசை, மத்தியானத்துக்கு மேல முடியல.

பதில்: தம்பி, உன் கடிதத்தைக் கடைசியா வச்சதுக்குக் காரணமே இருக்கு, மேல எழுதினவங்க எல்லாரும் உன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க. சர்வர் நின்னா உடனே எந்திரிச்சு நின்னு, 'சர்வர் நின்னுருச்சு, எப்ப வரும்னு தெரியல, டோக்கன் வாங்கிட்டு டீ குடிச்சிட்டு வாங்க'ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒரு தடவை சொல்லு. ஜனங்க காத்திருக்கறதுக்குக் கோவப்படறதை விட, எதுக்குக் காத்திருக்கோம்னு தெரியாததுக்குத்தான் அதிகமா கோவப்படறாங்க, நான் பார்த்த வரைக்கும் அதுதான். வயசானவங்க வந்தா முதல்ல நாற்காலியைக் காட்டு, அப்புறம் பேப்பரை வாங்கு.

நூறு பேர்ல முக்கால்வாசிப் பேர் நாலே வேலைக்குத்தான் வருவாங்க: பேர் மாத்தம், புது வரி போடறது, அளவுத் திருத்தம், காலிமனை வரி. நாலுக்கும் என்னென்ன பேப்பர் வேணும்னு நாலு தாள்ல மார்க்கர்ல பெருசா எழுதி ஒட்டிரு. நான் முதல்ல வெளிப்பக்கம் ஒட்டினேன், ஒரே வாரத்துல கிழிஞ்சு போச்சு, கண்ணாடிக்கு உள்பக்கமா எழுத்து வெளிய தெரியற மாதிரி ஒட்டு, வருஷக்கணக்கா இருக்கும்.